எனக்கு வைத்த கூறு

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சாப்பாட்டு அறைக்குப் பின்னால் ஒரு பெரிய ஃப்ரீசர் நிற்கிறது. யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் அதில் வைக்கலாம். பெயர் எழுதி ஒட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இந்தத் திங்கட்கிழமை காலை மெஷினில் விரல் நசுங்கிவிட்டது. ஐஸ் வைக்கலாம் என்று ஃப்ரீசரைத் திறந்தேன். மேல் தட்டில் வெள்ளைத் தாளில் சுற்றிய, செங்கல் அளவுப் பொட்டலம் ஒன்று இருந்தது. அதன்மேல் தடித்த கறுப்பு எழுத்தில் முனிராஜ் என்று என் பெயர். இந்த நாட்டுக்கு வந்த ஐந்து வருடத்தில் வங்கிக்காரன்கூட என் பெயரைப் பிழையில்லாமல் எழுதியதில்லை. ஒரு இறைச்சிப் பொட்டலத்தின் மேல்தான் முதன்முதலாக அதைச் சரியாக எழுதியிருக்கிறார்கள். ஐஸை எடுக்காமலேயே மூடிவிட்டு, வலிக்கிற விரலோடு போய் உட்கார்ந்துகொண்டேன்.

நான் இருப்பது சுவீடனின் நடுப்பகுதியில், காட்டுக்கு நடுவே கிடக்கும் ஒரு சின்னத் தொழில் நகரம். ஒவ்வொரு வருடமும் அக்டோபரில் ஒரு வாரம் எங்கள் தொழிற்சாலை பாதி காலியாகிவிடும். வந்த முதல் வருடம் காலை ஷிஃப்டில் ஏழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று பேர்தான் நின்றோம். யாரோ பெரிய மனிதர் தவறிவிட்டார் போல, எல்லாரும் எடுப்புக்குப் போயிருக்கிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, முகத்தைத் துக்கமாக வைத்தபடி பக்கத்து மெஷின்காரனிடம் விசாரித்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு "எல்ய்" என்றான். எல்ய் என்பது இங்கத்திய காட்டு மான். மான் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது, குதிரையைவிட உயரமான விலங்கு அது. அதை வேட்டையாடத்தான் லீவு. ஓசூரில் மாரியம்மன் பண்டிகைக்கு ஒரு நாள் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே வேட்டைக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் சிரித்த முகத்தோடு கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

பொட்டலத்தை வைத்தது லார்ஸ். எங்கள் பிரிவின் ஃபோர்மேன். அறுபதை நெருங்குகிற, அதிகம் பேசாத மனிதர். எனக்கு மொழி அரைகுறையாக வருவதால் அவர் பேசாமல் இருப்பது எனக்கு வசதி. அவர் ஒரு வேட்டைக் குழுவில் இருக்கிறார், அதை யாக்ட்லாக் என்கிறார்கள். துப்பாக்கிக்குப் பரீட்சை எழுதிப் பாஸாக வேண்டும். எந்தக் காட்டில் எத்தனை சுடலாம் என்று முன்னாலேயே தீர்த்து வைத்திருக்கிறார்கள். குண்டடி பட்டு ஓடிய விலங்கை நாயை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தே ஆக வேண்டும், விட்டுவிட்டு வீட்டுக்கு வர முடியாது. தாயும் குட்டியும் சேர்ந்து வந்தால் குட்டியைத்தான் முதலில் சுட வேண்டும் என்று அவர் சொன்ன அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. "தாயைச் சுட்டால் குட்டி பனியில் பட்டினி கிடந்து சாகும்" என்று ஏதோ போல்ட் அளவைச் சொல்வது மாதிரி சொன்னார். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு சாவைப் பற்றி இவ்வளவு யோசித்து வைத்த ஜனங்களை நான் பார்த்ததில்லை. நாங்கள் யோசித்ததே இல்லை.

எங்கள் ஊர் பேரிகையிலிருந்து உள்ளே, காட்டை ஒட்டி இருக்கிறது. பதினேழு வீடு. முன்பு எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். இப்போது வீட்டுக்கு ஒருவராவது கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். என் அண்ணன் மாதப்பன் இரண்டும் செய்தான். காலையில் ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, மிச்ச நேரத்தில் குத்தகை நிலத்தில் ராகியும் நிலக்கடலையும். கடலை முற்றுகிற சமயம் பார்த்துக் காட்டுப்பன்றி இறங்கும். தின்றுவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை. வயல் முழுக்க ஏர் ஓட்டினது மாதிரி கிளறிவிட்டுப் போகும். டப்பா தட்டினோம், பழைய புடவைகளைக் கட்டிப் பார்த்தோம், முடிவெட்டும் கடையிலிருந்து முடியை அள்ளிவந்து வரப்பில் தூவினோம். பன்றிகள் அதன்மேல் நடந்து வந்து கடலை தின்றன. வனத்துறையில் எழுதிக் கொடுத்த மனுக்கள் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம்தான் கண்ணி. அதற்கான கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தவன் நான். அப்போது ஓசூரில் மோட்டார் சைக்கிளுக்கு கிளட்ச் கேபிள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். அளவு தவறிய கம்பிகளை மூலையில் குவித்திருப்பார்கள். டிபன் பாக்ஸில் சுருட்டி வைத்துக் கொண்டுவருவேன். கொடி கட்ட, பந்தல் கட்ட என்று ஆரம்பித்து, கடைசியில் அண்ணன் அதில் சுருக்குப் போட்டு வேலிச்சந்தில் வைத்தான். பார்க்க மெல்லிசான கம்பிதான் அது; ஆனால் ஒரு பன்றியே முட்டி மோதினாலும் அறாது. இழுக்க இழுக்க இறுகும். சாயங்காலம் மாட்டிக்கொண்டால் விடிந்தும் சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் எழுதிக் காட்டப்போவதில்லை. அது கேட்கிறபோது அண்ணி எழுந்துபோய் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள், நாங்கள் யாரும் எதுவும் பேசாமல் டிவி பார்ப்போம், அதை மட்டும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நாடகம் ஓடியது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் காலையில் கறியைக் கூறு போடும்போது அந்தச் சத்தம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. புரச இலைகளை வரிசையாகப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கூறு. ஈரல், எலும்பு, கொழுப்பு எல்லாம் எல்லாக் கூறிலும் சமமாக விழ வேண்டும். அதற்கு மேலும் சண்டை வராமல் இருக்க எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தன் பொருள் ஒன்றைக் கொடுப்பார்கள். வண்டிச் சாவி, பீடிக்கட்டு, சட்டைப் பொத்தான், தீப்பெட்டி, கையில் அகப்பட்ட எது வேண்டுமானாலும் இருக்கலாம். எது யாருடையது என்று தெரியாத ஒருவர் அவற்றைக் குலுக்கி, ஒவ்வொரு கூறின் மேலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போவார். உன் பொருள் எந்தக் கூறில் விழுந்ததோ அதுதான் உன்னுடையது. மறு பேச்சு கிடையாது. ஊரில் இல்லாதவனுக்கும் கூறு உண்டு. அவன் பொருள் ஒன்றை வீட்டிலிருந்து எடுத்துவந்து கொடுப்பார்கள். நான் சுவீடன் வந்தபிறகு எனக்காக அண்ணன் கொடுத்துவந்தது என் பழைய கேபிள் கம்பெனியின் அடையாள அட்டை. "உன்னோடது நல்லா விழுந்துக்கிச்சுப்பா, தொடை கறி" என்று போனில் சொல்வான். என் கூறை அண்ணி உப்புக்கண்டம் போட்டுக் காயவைப்பாள். நான் போகும்போது தருவதற்காக.

நீங்கள் கேட்கலாம், கடையில் கறி கிடைக்காதா என்று. ஏன் கிடைக்காது? ஓசூரில் நாங்கள் ஆறு பேர் ஒரு ரூமில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்கடை வரிசையில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். டிரம்முக்குள் போட்ட கோழி அடங்குகிற நேரத்தில் இரண்டு வீடியோ பார்த்துவிடலாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது கூண்டுகளை அடுக்கிய கோழி லாரிகள் எங்களை முந்திக்கொண்டு கர்நாடகா பக்கம் போகும். வெள்ளை இறகுகள் ஜன்னல் வழியாக வந்து யூனிஃபார்மில் ஒட்டும், தட்டிவிட்டுக்கொள்வோம். அதில் ஒன்றின் முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கிறதா என்றால் இல்லை. கண்ணியில் செத்த பன்றிகளின் முகம் இருக்கிறது. இதை வைத்து எது பெரிய பாவம் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

போன வருடம் இதே வேட்டை வாரத்தில்தான் அந்தப் போட்டோ வந்தது. அண்ணன் அனுப்பியிருந்தான். வாசலில் பதினெட்டு புரச இலை. பதினேழு வீட்டுக்குப் பதினேழு, பதினெட்டாவது எனக்கு. மற்றதன்மேல் சாவியும் தீப்பெட்டியும் கிடக்க, என்னுடையதன்மேல் கழுத்துப் பட்டையோடு என் அடையாள அட்டை. அட்டையில் பத்து வருடத்துக்கு முந்தைய நான், மீசை சரியாக முளைக்காத முகத்தோடு, பன்றிக்கறி மேல் படுத்துக்கொண்டு சிரிக்கிறேன். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. இந்தப் பூமியில் எனக்கென்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதற்கு அத்தாட்சியாக என் மூஞ்சியையே வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

காபி இடைவேளையில் லார்ஸிடம் காட்டினேன். முதல்நாள் வேட்டை முடித்துவிட்டு வேறு ஏதோ வேலையாக எட்டிப்பார்க்க வந்திருந்தார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"நாங்களும் இப்படித்தான் பிரிப்போம்" என்றார். "ஒருவர் கறிக்கு முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு பங்கைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். முதுகைக் காட்டி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார்."

உலகத்தின் இந்த மூலையிலும் அதே நியாயம் இருக்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதுதான் அவர் கேட்டார், "என்ன துப்பாக்கி?"

"துப்பாக்கி இல்லை. கம்பி" என்று விரலால் சுருக்குப் போட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "சாக எவ்வளவு நேரம் ஆகும்?"

"உடனே" என்றேன். "உடனே செத்துவிடும்."

அவர் தலையாட்டினார். நம்பினாரா, நம்பாமல் மரியாதைக்குத் தலையாட்டினாரா என்று இன்றுவரை தெரியாது. "உன் அண்ணனின் குழுவுக்கு என் வாழ்த்தைச் சொல்" என்றார். எங்கள் ஊரிலும் பரீட்சை எழுதி, காகிதம் வாங்கி, அளவு பார்த்துச் செய்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. திருத்த எனக்கு மொழி போதாது என்று அப்போது சமாதானம் சொல்லிக்கொண்டேன். மொழி போதும், மனசுதான் வரவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடு நான் செய்த காரியத்தைத்தான் இந்தக் கட்டுரை முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு ஃபேஸ்புக் பக்கம் இருக்கிறது. லார்ஸிடம் கேட்டு வாங்கிய, அவர் குழு எல்ய் கறியைப் பிரிக்கும் படத்தையும் என் ஊர்ப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, ஊர் பெயரையும் எழுதி, "கடல் கடந்தாலும் எனக்கு ஒரு கூறு" என்று தலைப்பு வைத்தேன். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அள்ளி அள்ளி லைக் போட்டார்கள். ஒருத்தர் "கொடுத்து வைத்தவன்யா நீ" என்று எழுதியிருந்தார். அவர்களில் யாரோ பகிர, அதை வேறு யாரோ பகிர, மூன்றாம் நாள் அது ஓசூருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அட்டையில் என் பெயர், அப்பா பெயர், ஊர் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் காலகாலமாகப் பொருளைக் குலுக்கிப் போடுவதே யாருடையது எது என்று தெரியக்கூடாது என்பதற்காகத்தான். அதில் விலாசத்தை எழுதி வைத்த ஒரே மடையன் நான்.

வனத்துறை ஜீப் காலை பத்து மணிக்கு வந்ததாம். அண்ணி பின்னால் சொன்னாள். போனில் இருந்த படத்தைக் காட்டி, இது இந்த வாசல்தானே என்று கேட்டிருக்கிறார்கள். வீட்டில் என் உப்புக்கண்டம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. பரணில் மிச்சக் கம்பி. யார் யாருக்குக் கூறு போனது என்று கேட்டபோது அண்ணன், "நான் ஒருத்தன்தான் சார். பதினெட்டும் என் வூட்டுக்குத்தான்" என்றானாம். வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். "பதினெட்டுக் கூறும் ஒரே வூட்டுக்கா? அப்ப எதுக்குய்யா இலை போட்டுப் பிரிச்ச?"  கடைசிவரை ஒருவர் பெயரும் அண்ணன் வாயிலிருந்து வரவில்லை. சாவிக்காரர்களும் பீடிக்காரர்களும் அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். கறி தின்றதற்காகப் பதினேழு வீட்டிலும் அடுப்பு அணைய வேண்டுமா?

அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சில வாரம் ஜெயிலில் இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான். இப்போது வாராவாரம் போய்க் கையெழுத்துப் போடுகிறான். கேஸ் இருக்கிற ஆள் என்று கான்ட்ராக்டர் வேலைக்கு வர வேண்டாம் என்றுவிட்டார். நிலத்துக்காரர் குத்தகையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அந்தக் கடலையைப் பன்றிகளே நிம்மதியாகத் தோண்டித் தின்றன. என் அடையாள அட்டையை உறையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்து, சாட்சிப் பொருளாக எடுத்துப்போயிருக்கிறார்கள். வக்கீல் என்னிடம், கேஸ் முடிகிறவரை ஊர்ப்பக்கம் வராதே, உன்னையும் சேர்த்துவிடுவார்கள் என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். அதற்கு அவர் பேச்சை மாற்றினார்.

ஜெயிலிலிருந்து வந்த பிறகு அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவை பேசினான்.

"ஏம்பா முனி, போட்டோவ ஒனக்குத்தான அனுப்புனேன். ஊருக்கெல்லாம் என்னாத்துக்குப்பா காட்டுன?"

"பெருமையா இருந்துச்சுண்ணா."

"பெருமையா" என்றான். கேள்வியா, வெறுமனே திருப்பிச் சொன்னானா என்று தெரியவில்லை. பிறகு, "அந்த ஆபீசருங்கூடக் கேட்டாருப்பா, கம்பி எங்கேர்ந்து வந்துச்சுன்னு. வேலியில கெடந்துச்சுன்னு சொல்லிட்டேன்" என்றான். அப்புறம் போனை அண்ணியிடம் கொடுத்துவிட்டான்.

அவனுக்கு இப்போது என்ன வேலை தெரியுமா? பேரிகைப் பக்கம் ஒரு பிராய்லர் பண்ணையில் லாரிக்குக் கோழி ஏற்றுகிறான். ஒரு கையில் நான்கைந்து கோழிகளைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிக் கூண்டுக்குள் திணிக்க வேண்டும். ஒரு லாரிக்கு எத்தனை ஆயிரமோ. கால் ஒடிவதும் சிறகு முறிவதும் கூண்டுக்குள்ளேயே சாவதும் அந்த வேலையில் சேர்த்தி. அதற்கு ஜீப் வராது, கேஸும் வராது. கண்ணி வைத்தது தப்பு, அதை நான் எங்கேயும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். விடிய விடிய கேட்ட அந்தச் சத்தத்துக்கு நானும் பாத்தியப்பட்டவன். ஆனால் ஒரு பன்றிக்குக் குற்றவாளியான அண்ணன், தினம் ஆயிரம் கோழிக்கு நல்ல வேலைக்காரன் ஆகிவிட்டான். இங்கே லார்ஸ், கொன்ற எல்ய்யின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தைச் சாப்பாட்டு அறைச் சுவரில் மாட்டியிருக்கிறார். காடும் காகிதமும் துப்பாக்கியும் இருப்பவனுக்குத்தான் இரக்கத்தோடு கொல்லக் கொடுத்து வைக்கும்போல. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. எரிந்து என்ன செய்ய?

இந்தத் திங்கட்கிழமைதான் தீபாவளி. எங்கள் ஊரில் அன்று எல்லா வீடும் சேர்ந்து ஆடு வாங்கி வெட்டிக் கூறு போடுவார்கள். கடை ஆடு, ரசீது உள்ள ஆடு. விரல் நசுங்கி, ஃப்ரீசரை மூடிவிட்டு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் அண்ணி வீடியோவில் வந்தாள். அவள் மாலூர்ப் பக்கத்துப் பெண். பதற்றம் வந்தால் தமிழ் போய்க் கன்னடம் வந்துவிடும். பண்டிகை நாளாயிற்றே என்று, அண்ணனுக்குத் தெரியாமல் கூப்பிட்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பின்னால் வாசல் தெரிந்தது. புரச இலைகள் தெரிந்தன. அண்ணன் குனிந்து கூறுகளைச் சரிசெய்துகொண்டிருந்தான். அவன் தோள் இறங்கியிருந்தது.

"அண்ணி, போனக் கொஞ்சம் கீழ காட்டு" என்றேன்.

"ஈக பேடா முனி" என்றாள், இப்போது வேண்டாம் என்று. ஆனாலும் கை தாழ்ந்தது. நான் எண்ணினேன். இரண்டாம் தடவையும் எண்ணினேன். சாவி, தீப்பெட்டி, சீப்பு, பொத்தான். பதினேழு.

"என்னோடது?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அண்ணி வாய் திறப்பதற்கு முன்னால் அண்ணனின் குரல் வந்தது. நிமிராமல், கோபமும் இல்லாமல் சொன்னான்: "ஒண்ணும் வெக்கலன்னு சொல்லு. வெக்கறதுக்கு அவனோட பொருளு ஒண்ணும் இங்க இல்ல."

அவன் சொன்னது நிஜம். என் அட்டை ஆபீஸில் முத்திரைக்குள் இருக்கிறது. வேறு எதையாவது, என் பழைய சட்டையிலிருந்து ஒரு பொத்தானையாவது, தேடியிருக்கலாம் என்று சொல்ல வாய் வந்தது, அதற்குள் அண்ணி போனை வைத்துவிட்டாள்.

லார்ஸ் உள்ளே வந்து, என் விரலைப் பார்த்து, ஐஸ் எடுத்துவரப் போனார். திரும்பும்போது இன்னொரு கையில் அந்தப் பொட்டலமும் இருந்தது. நான் பார்க்கவில்லை என்று நினைத்து எடுத்துவந்திருக்கிறார். "குட்டி. மிருதுவான கறி" என்றார். "முதுகைக் காட்டி நின்றவன் நான்தான். உன் பெயரைச் சொன்னேன்."

நன்றி சொன்னேன். அவர் போனபிறகு பொட்டலத்தைத்தான் விரலில் வைத்துக்கொண்டேன், அது ஐஸைவிடச் சில்லென்று இருந்தது. கொஞ்ச நேரத்தில் தாள் நனைந்து, என் பெயரின் கறுப்பு மை கரைந்து விரலில் ஒட்டியது. கரைந்து முடிவதற்குள் கொண்டுபோய்த் திரும்ப ஃப்ரீசரில் வைத்து மூடினேன். பெயர் எழுதியிருக்க வேண்டும், அதுதானே சட்டம்.